ஜனவரியில் ஓர் இலக்கு, ஆடியில் ஓர் இலக்கு: முதன்முதலாகத் திட்டமிடுவோருக்கு

ஜனவரி முதல் தேதியில் காவிரி டெல்டாவில் எந்த வேலையும் புதிதாகத் தொடங்குவதில்லை. சம்பாக் கதிர் முற்றிக்கொண்டிருக்கும்; பின்னால் நட்ட தாளடி நெல் இன்னும் பச்சையாக நிற்கும். பொங்கலுக்குள் அறுத்துவிடலாமா, அறுவடை இயந்திரம் என்றைக்குக் கிடைக்கும் என்பதுதான் டீக்கடைப் பேச்சு. மேட்டூர் அணையை வழக்கமாக மூடும் நாளான ஜனவரி 28-க்கு இன்னும் நான்கு வாரம் இருக்கும். கடைக்காரரின் கணக்காண்டு முடிய மூன்று மாதம் பாக்கி. ஆனாலும் அன்றைக்குத்தான் வீட்டில் புது டைரி திறக்கப்படுகிறது. "இந்த ஆண்டு உடம்பைக் குறைக்க வேண்டும், வேலையில் முன்னேற வேண்டும், கடனை அடைக்க வேண்டும்" என்று முதல் பக்கத்தில் எழுதப்படுகிறது. மாசி பிறப்பதற்குள் அந்த டைரி பால் கணக்குக்குப் போய்விடுகிறது.

மன உறுதி போதவில்லை என்று இதற்குக் காரணம் சொல்லிவிடுவது எளிது. நான் அதை ஏற்கவில்லை. அதே மனிதர் விதை நெல்லை ஊறப்போட்ட நாளிலிருந்து அறுப்பு வரை வயலுக்குப் போகத் தவறுவதில்லை. அதே பெண் மகளின் பத்தாம் வகுப்புத் தேர்வுக்காக ஓர் ஆண்டு முழுவதும் விடியலில் எழுகிறார். உறுதிக்கு இங்கே பஞ்சமில்லை. இலக்கை எழுதும் முறையில்தான் குறை இருக்கிறது. அந்த முறையை நம்மை உட்காரவைத்து யாரும் சொல்லித்தந்ததில்லை. சொந்த வாழ்க்கைக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று என இரண்டே இலக்குகளை எடுத்துக்கொண்டு அதை இங்கே பார்க்கலாம்.

எந்த நாளில் தொடங்குவது?

ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாரத்தின் முதல் நாள், மாதத்தின் முதல் நாள், புத்தாண்டு, கல்விப் பருவத்தின் தொடக்கம், பிறந்தநாள் போன்ற நாட்களை ஒட்டி மனிதர்கள் புது முயற்சிகளில் இறங்குவது கூடுகிறது என்பது அதன் முடிவு. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவதும், உணவுக் கட்டுப்பாடு பற்றி இணையத்தில் தேடுவதும் அந்த நாட்களில் அதிகமாகின்றன. பழைய தவறுகளெல்லாம் போன காலத்தோடு போயின, இனி வேறு கணக்கு என்று மனம் நினைத்துக்கொள்வதாக அவர்கள் விளக்கினார்கள்.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். ஜனவரி 1-க்கு மட்டும் தனிச் சக்தி ஏதும் கிடையாது. தை முதல் நாள், சித்திரை முதல் நாள், ஆடிப்பெருக்கு, சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் எல்லாமே அதே வேலையைச் செய்யும். ஆகவே உங்கள் வேலை எப்போது தொடங்குகிறதோ அந்த நாளையே அந்த வேலையின் புத்தாண்டாக வைத்துக்கொள்ளலாம். உழவருக்கு அது ஜூனிலோ ஆடியிலோ வரும். ஆசிரியருக்குப் பள்ளி திறக்கும் ஜூன். வணிகருக்கு ஏப்ரல் 1. ஜனவரியில் உட்கார்ந்து நெல் சாகுபடிக்கு இலக்கு எழுதினால் அது ஆறு மாதம் செய்ய வேலையில்லாமல் கிடக்கும். கிடக்கும் இலக்கு மறந்துபோகும். சொந்த வாழ்க்கை இலக்கை ஜனவரியிலேயே தொடங்குங்கள். தொழில் இலக்கைத் தொழிலின் நாளில் தொடங்குங்கள். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஆசையை இலக்காக்குவது

எட்வின் லாக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1968-இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இலக்கு பற்றிய இன்றைய ஆராய்ச்சி பெரிதும் வளர்ந்தது. பின்னாளில் கேரி லாதம் அவரோடு சேர்ந்துகொண்டார். இருவரும் பல்லாண்டுகளாகச் செய்த ஆய்வுகளின் சாரம் இதுதான்: "முடிந்தவரை நன்றாகச் செய்" என்று சொல்லப்பட்டவர்களைவிட, தெளிவான, சற்றுக் கடினமான ஓர் அளவைச் சொல்லிக் கொடுக்கப்பட்டவர்கள் நன்றாகச் செய்கிறார்கள். ஆனால் அந்த அளவை அவர்கள் மனதார ஏற்றிருக்க வேண்டும். செய்யும் திறன் இருக்க வேண்டும். எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது நடுநடுவே தெரியவும் வேண்டும்.

"உடம்பைக் குறைக்க வேண்டும்" என்பது ஆசை. "வாரத்தில் ஐந்து நாள், காலை ஆறு மணிக்கு, மகாமகக் குளத்தைச் சுற்றி அரை மணி நேரம் வேகமாக நடப்பேன், பங்குனி முடியும்வரை" என்பது இலக்கு. (வாரத்துக்கு ஐந்து அரை மணி என்றால் 150 நிமிடம். வயதுவந்தோருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவும் அதுதான்.) முதல் வாக்கியத்தை எழுதியவர் மாலையில் தன்னைத்தானே என்ன கேட்டுக்கொள்வார்? கேட்க ஒன்றுமில்லை. இரண்டாவதை எழுதியவர் "இன்று நடந்தேனா?" என்று கேட்கலாம், ஆம், இல்லை என்று பதில் வரும்.

நிர்வாகவியல் வகுப்புகளில் ஓர் இலக்கை ஐந்து கேள்விகளால் சோதிக்கச் சொல்வார்கள். தெளிவாக இருக்கிறதா, அளக்க முடியுமா, யாருடைய பொறுப்பு, கைக்கு எட்டக்கூடியதா, எந்தத் தேதிக்குள்? ஜார்ஜ் டோரன் என்பவர் 1981-இல் நிறுவனங்களின் மேலாளர்களுக்காக எழுதிய வரிசை இது. பிறகு பலர் தங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்டார்கள். பயனுள்ள சோதனைதான், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் மேலாளர்களுக்கு எழுதியது என்பதால் நம் வீட்டுக்கு மிகத் தேவையான ஒரு கேள்வி அதில் இல்லை: இதற்கான நேரம் எங்கிருந்து வரும்? அலுவலகத்தில் எட்டு மணி நேரத்தைச் சம்பளம் வாங்கித் தருகிறது. வீட்டில் ஒவ்வொரு மணியையும் வேறொன்றிலிருந்து எடுத்தாக வேண்டும்.

கையில் இருப்பதும் இல்லாததும்

இலக்கு எழுதத் தொடங்குவோர் பெரும்பாலும் முடிவை மட்டும் எழுதுகிறார்கள். "தேர்வில் வெற்றி", "ஏக்கருக்கு நல்ல மகசூல்", "பதவி உயர்வு". முடிவு என்பது பல கைகள் சேர்ந்து தருவது. நெல்லை எடுத்துக்கொள்வோம். மேட்டூர் நீர்மட்டம் உங்கள் கையில் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் எது உருவாகும் என்பதும் இல்லை. கொள்முதல் விலையை அரசு அறிவிக்கிறது. பிறகு உங்களிடம் மிஞ்சுவது என்ன? விதைத் தேர்வு, விதைக்கும் தேதி, களை எடுக்கும் நாள், உரத்தின் அளவு, நெல்லைக் காயவைப்பது, எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதுவது.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்துக்கு வழக்கமான வரம்பு 17 சதவீதம். மழை ஆண்டுகளில் ஒன்றிய அரசு தளர்த்தினால்தான் அது கூடும். "நல்ல விலைக்கு விற்பேன்" என்று எழுதுவதைவிட "17-க்குக் கீழே வரும்வரை காயவைத்த பிறகே மூட்டை கட்டுவேன், களத்துக்கும் தார்ப்பாய்க்கும், அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவைப்பேன்" என்று எழுதுவது பயன்தரும். இரண்டாவதில் ஒவ்வொரு சொல்லும் நீங்கள் செய்யக்கூடிய காரியம்.

முதன்முறையாகத் தொழில் இலக்கு எழுதும் உழவருக்கு நான் பரிந்துரைப்பது மகசூல் இலக்கே அல்ல, செலவு நோட்டு. உழவு, நாற்றங்கால், நடவுக் கூலி, உரம், களை, மருந்து தெளிப்பு, அறுவடை இயந்திர வாடகை, ஏற்றுக்கூலி என ஏக்கருக்கு ஆன ஒவ்வொரு ரூபாயையும் ஆன அன்றைக்கே எழுதுவது. ஒரு சம்பா முழுக்க எழுதி முடித்தால், அடுத்த ஆண்டு எந்தச் செலவைக் குறைப்பது என்ற உண்மையான இலக்கு அந்த நோட்டிலிருந்தே கிடைக்கும். அந்த நோட்டு இல்லாமல் "செலவைக் குறைப்பேன்" என்று எழுதுவது இருட்டில் எழுதுவது.

பணம் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். புத்தாண்டு ஆலோசனைகள் எல்லாம் "மாதந்தோறும் இவ்வளவு சேமியுங்கள்" என்றே சொல்கின்றன. மாதச் சம்பளக்காரருக்கு அது சரி. நெல் விற்ற பணம் வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வந்து விழும் குடும்பத்துக்கு அந்த அளவு பொருந்தாது. நான்கு மாதம் தவறவிட்டுக் குற்ற உணர்வோடு கைவிடுவார்கள். அவர்களுக்கான இலக்கு வேறு மாதிரி எழுதப்பட வேண்டும்: "சம்பாப் பணம் கணக்கில் ஏறிய மூன்று நாளுக்குள், வேறு எதற்கும் எடுக்கும் முன், கூட்டுறவுச் சங்கத்தில் வைத்த வளையலை மீட்பேன்." வருமானம் வரும் விதத்தில் இலக்கும் இருக்க வேண்டும்.

பின்னோக்கி எண்ணுவது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். முடிக்க வேண்டிய தேதியிலிருந்து இன்றைக்கு எண்ணி வர வேண்டும். டெல்டா உழவர் இதைக் காலங்காலமாகச் செய்கிறார். அதற்குத் திட்டமிடல் என்று யாரும் பெயர் சொல்லாததால் மற்ற வேலைகளுக்கு அதைப் பயன்படுத்தத் தோன்றுவதில்லை.

குறுவையைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதற்குள் அறுத்துக் காயவைத்தாக வேண்டும். ஏ.டி.டி. 43 போன்ற குறுகிய கால ரகத்துக்கு வயது 110 நாள். அக்டோபர் 8-இல் அறுக்க வேண்டுமானால் ஜூன் 20-இல் விதைத்திருக்க வேண்டும். மேட்டூரில் வழக்கமான ஜூன் 12-இல் தண்ணீர் திறந்தால் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள். அங்கிருந்து கடைமடைக்குப் போக இன்னும் சில நாள். ஆகவே வாய்க்கால் தூர்வாரும் வேலை மே மாதத்திலேயே முடிந்திருக்க வேண்டும். அக்டோபரில் தொடங்கி மே மாதத்துக்கு வந்துவிட்டோம். "இப்போது என்ன செய்ய வேண்டும்?" என்பதற்குப் பதில் தானாகக் கிடைத்துவிட்டது.

இதே கணக்கை வேறொருவருக்குப் போடுவோம். வலங்கைமானிலிருந்து தினமும் பஸ்ஸில் கும்பகோணம் போய்த் துணிக்கடையில் பில் போடும் பெண் ஒருவர், அரசு வேலைக்காகத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வு எழுத விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். சரிபாதிக் கேள்விகள் தமிழ். அண்மை ஆண்டுகளில் இந்தத் தேர்வு 2024-இல் ஜூன் 9 அன்றும், 2025-இல் ஜூலை 12 அன்றும் நடந்தது. தேர்வாணையத்தின் ஆண்டு அட்டவணையில் உள்ள தேதியை எடுத்து அதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஜனவரி முதல் நாளிலிருந்து 24 வாரம் கிடைக்கிறது என்று கொள்வோம்.

கடை காலை ஒன்பதரைக்குத் திறந்து இரவு எட்டுக்கு மூடுகிறது. அவருக்கு மிஞ்சுவது காலையில் ஒரு மணி நேரம், வார விடுமுறை நாளில் மூன்று மணி நேரம். ஆறு நாளுக்கு ஆறு, விடுமுறைக்கு மூன்று, ஆக வாரம் ஒன்பது மணி. 24 வாரத்துக்கு 216 மணி நேரம். பலரும் இந்த இடத்தில் மகிழ்ச்சியோடு பேனாவை மூடிவிடுகிறார்கள். மூடக்கூடாது. ஒரு வேலைக்கு ஆகும் காலத்தை மனிதர்கள் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பதை டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே விளக்கியிருக்கிறார்கள். போனமுறை தாமதமானது தெரிந்திருந்தும் இந்தமுறை எல்லாம் சரியாக நடக்கும் என்றே நம்புகிறோம். நம் ஊரில் தையில் கல்யாணங்கள், பங்குனியில் குலதெய்வக் கோயில், சித்திரையில் சுற்றத்தார் வருகை, வீட்டில் யாருக்காவது காய்ச்சல். நான்கில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். 216 என்பது 162 ஆகும்.

அந்த 162 மணிதான் அவருடைய உண்மையான கைமுதல். இப்போது அதைப் பங்கிடலாம். கடைசி 30 மணி பழைய வினாத்தாள்களுக்கு. அவை தேர்வாணையத்தின் இணையதளத்திலேயே இருக்கின்றன. மீதி 132-இல் பாதி தமிழுக்கு, ஏனென்றால் பாதிக் கேள்விகள் அதில்தான். எஞ்சிய 66 பொது அறிவுக்கும் கணக்குக்கும். ஆறாம் வகுப்புப் பாடப்புத்தகத்திலிருந்து எல்லாவற்றையும் படித்துவிட வேண்டும் என்ற மலைப்பு இங்கே நின்றுவிடுகிறது. எதைப் படிப்பது என்பதோடு எதை விடுவது என்பதும் தெரிந்துவிடுகிறது. அவர் நோட்டில் எழுத வேண்டிய இலக்கு "குரூப் 4 வெற்றி" அல்ல. "ஜூன் நடுவுக்குள் 162 மணி நேரப் படிப்பு, அதில் பத்து முழு வினாத்தாள்". தேர்வில் எத்தனை பேர் போட்டியிடுவார்கள் என்பது அவர் கையில் இல்லை. இந்த 162 இருக்கிறது.

எப்போது, எங்கே

மணிக்கணக்கு போட்ட பிறகும் காலையில் எழுந்து அந்த ஒரு மணி நேரத்தைத் தொடங்குவது தனி வேலை. இதற்கு ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் கண்ட வழி மிக எளியது. "இன்ன சமயம் வரும்போது, இன்ன இடத்தில், இன்னதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே ஒரு வாக்கியமாக எழுதிவைப்பது. "தினமும் படிப்பேன்" என்று எழுதுபவர் ஒவ்வொரு நாளும் புதிதாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. "காபி குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும், கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்து தமிழ்ப் பாடத்தைத் திறப்பேன்" என்று எழுதியவருக்கு டம்ளர் கவிழ்க்கும் சத்தமே மணியடித்தது போலாகிவிடும்.

தடைக்கும் இதே மாதிரி ஒரு வாக்கியம் எழுதுங்கள். கேப்ரியேல் ஊட்டிங்கன் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் இதைப் பற்றியவை. இலக்கு நிறைவேறிவிட்டதாக இனிமையாகக் கற்பனை செய்துகொண்டே இருப்பது மட்டும் உதவாது. அதோடு சேர்த்து, குறுக்கே நிற்பது எது என்றும் நேராகப் பார்க்க வேண்டும் என்கிறார் அவர். "மழை பெய்தால் குளக்கரை நடை கிடையாது, அன்றைக்கு மாடிப்படி இருபது நிமிடம்." "இரவு மின்சாரம் இல்லாமல் தூக்கம் கெட்டால் காலைப் படிப்பு அரை மணி போதும், முழுக்க விடமாட்டேன்." இப்படி இரண்டு மூன்று வரிகள். மழை பெய்யும் காலையில் யோசித்தால் மனம் போர்வையின் பக்கம்தான் பேசும். வெயில் நாளிலேயே யோசித்துவைத்துவிட வேண்டும்.

ஒரு பழக்கம் படிய 21 நாள் போதும் என்று எங்கும் சொல்கிறார்கள். இது எனக்குக் கவலை தரும் பேச்சு. 22-ஆம் நாளும் கஷ்டமாக இருந்தால் தன்னிடமே கோளாறு என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். லண்டனில் ஃபிலிப்பா லாலியும் உடனாய்வாளர்களும் 96 பேரிடம் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் அளவுக்குப் படியச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளையும் செயலையும் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை என்றும் கண்டார்கள். அரிதாகச் சொல்லப்படும் இந்தக் கடைசிச் செய்தியைத்தான் நான் முதலில் சொல்ல விரும்புவேன்.

வீட்டில் பேசுவது

சொந்த இலக்கு என்று பெயரே தவிர, அது வீட்டில் எல்லோருடைய நேரத்தையும் தொடுகிறது. பெண்களுக்கு இது இரட்டிப்பு உண்மை. மேலே சொன்ன துணிக்கடைப் பெண்ணின் காலை ஒரு மணி நேரம் யாருடையது? அந்த நேரத்தில் இட்லி ஊற்றுவதும், பிள்ளைக்குத் தலை பின்னுவதும், மாமனாருக்கு வெந்நீர் வைப்பதும் யார் வேலை? இதைப் பேசாமல் அவர் தனியாக உறுதி எடுத்துக்கொண்டால் அந்த மணி நேரம் அவருடைய தூக்கத்திலிருந்துதான் வரும். சில வாரத்தில் உடம்பு தாங்காது. "உன்னால் முடியவில்லை பார்" என்ற பேச்சும் வரும்.

ஆகவே இலக்கை எழுதிய மறுநாளே வீட்டில் இருப்பவர்களோடு உட்கார்ந்து, "ஜூன் வரை காலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை நான் படிக்க வேண்டும், அந்த நேரத்தில் அடுப்பை யார் பார்ப்பது?" என்று தெளிவாகக் கேளுங்கள். ஆதரவு தாருங்கள் என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஒன்றும் மாறாது. இன்ன நேரம், இன்ன வேலை, இன்ன தேதிவரை என்று கேட்டால் கணவரோ மாமியாரோ பதில் சொல்லியாக வேண்டும். வீட்டில் ஒரு பெண் இலக்கு வைத்திருந்தால் ஆண்கள் முதலில் செய்ய வேண்டியது வாழ்த்துவதல்ல. ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொள்வது.

இரண்டு இலக்கு மட்டும் என்று முதலில் சொன்னதற்கும் காரணம் இதுதான். சொந்த இலக்கும் தொழில் இலக்கும் ஒரே 24 மணி நேரத்திலிருந்து எடுக்கப்படுகின்றன. பத்து எழுதினால் பத்துக்கும் நேரம் ஒதுக்கிக் காட்ட வேண்டும். ஒதுக்கிப் பாருங்கள், எட்டு தானாக உதிர்ந்துவிடும்.

கற்றுக்கொள்பவருக்கு வேறு இலக்கு

தெளிவான எண்ணிக்கை எல்லோருக்கும் உதவும் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வேலையைப் புதிதாகக் கற்றுக்கொண்டிருப்பவருக்கு எண்ணிக்கை இலக்கு கெடுதலும் செய்யலாம். அப்போது எதைக் கற்பது என்பதே இலக்காக இருக்க வேண்டும் என்று லாதமும் அவர் குழுவினரும் பின்னர் காட்டினார்கள். சுவாமிமலையில் ஐம்பொன் சிலை செய்யும் பட்டறையில் சேர்ந்த இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். தென்னை ஓலையை மடித்து அளவு எடுப்பது, அந்த அளவில் மெழுகில் உரு பிடிப்பது, காவிரி வண்டல் மண்ணை மெல்லிய பூச்சாகப் பூசுவது, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகம் வார்ப்பது, பிறகு உளியால் சீர் செய்வது என ஒவ்வொன்றும் தனி வித்தை. "இந்த ஆண்டு இருபது சிலை" என்று அவர் எழுதினால் அவசரமே மிஞ்சும். "சித்திரைக்குள் ஓலை அளவு; ஆடிக்குள் ஒரு சாண் உருவுக்கு மெழுகில் கைகால் பிசகாமல் பிடிப்பது" என்று எழுதினால் அது அவரை வளர்க்கும். கணினி கற்கும் நடுவயதுக் கணக்கருக்கும், முதல் ஆண்டு ஆசிரியருக்கும் இதே விதி பொருந்தும்.

தண்ணீர் தாமதமானால்

மேட்டூர் ஜூன் 12-இல் திறக்கும் என்பது வழக்கம், உறுதிமொழி அல்ல. 2018-இல் ஜூலை 19, 2019-இல் ஆகஸ்ட் 13, 2024-இல் ஜூலை 28. 2022-இல் மே 24-இலேயே திறந்தார்கள். அணை தாமதமான ஆண்டில் ஆற்றுப்பாசன உழவர் என்ன செய்கிறார்? குறுவையை விடுகிறார், சம்பாவுக்குப் போகிறார். அதுவும் தள்ளிப்போனால் ரகத்தை மாற்றுகிறார். பொன்மணி என்று நாம் சொல்லும் சி.ஆர். 1009-க்கு வயது குறைந்தது 155 நாள். ஆகஸ்ட் 10-இல் விதைத்தால் ஜனவரி 12-இல் அறுக்கலாம். அதையே செப்டம்பர் 15-இல் விதைத்தால் பிப்ரவரி 17 ஆகும், அணையை மூடி மூன்று வாரம் கழித்து. அப்போது 135 நாள் ரகத்தை எடுத்தால் ஜனவரி 28-க்குள் முடிந்துவிடும். நெல் விளைவிப்பது என்ற இலக்கு மாறவில்லை. ரகமும் தேதியும் மாறின.

உங்கள் இலக்குக்கும் இப்படி ஒரு குறுகிய கால ரகத்தை முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். துணிக்கடைப் பெண்ணுக்கு மார்ச் மாதம் வீட்டில் நோய் வந்து ஆறு வாரம் போய்விட்டால்? "162 கிடைக்காவிட்டால் 100 மணி: தமிழுக்கு 60, வினாத்தாளுக்கு 25, கணக்குக்கு 15" என்ற வரி அங்கே இருந்தால், அவர் நோட்டை மூடிவைக்காமல் அந்த வரிக்கு இறங்குவார். அடுத்த முறை எழுதும் தேர்வுக்கும் அந்த 100 மணி வீண்போகாது.

இலக்கே உடைந்துபோகும் ஆண்டுகளும் உண்டு. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டு ஆகும். அந்தத் தோப்பை நம்பி மகளின் படிப்பையும் வீட்டையும் திட்டமிட்டிருந்தவரிடம் போய்த் திட்டமிடுவதில் கோட்டைவிட்டீர்கள் என்று யாராவது சொல்ல முடியுமா? அப்படிப்பட்ட ஆண்டில் பழைய இலக்கைக் கூசாமல் அடித்துவிட்டு அந்த ஆண்டுக்கு உரியதை எழுத வேண்டும். அடிப்பதற்கும் கைவிடுவதற்கும் வித்தியாசம் உண்டு. அடிக்கும்போது தேதியும் காரணமும் எழுதுகிறோம்.

எப்போது திரும்பிப் பார்ப்பது

வாரம் ஒருமுறை பத்து நிமிடம் போதும்: நினைத்தது எத்தனை மணி, நடந்தது எத்தனை மணி. இரண்டு எண்கள், அவ்வளவுதான். பெரிய பரிசீலனைக்கு நம் பண்டிகைகளே போதிய இடைவெளியில் இருக்கின்றன. பொங்கலிலிருந்து சித்திரை முதல் நாள் மூன்று மாதம். அங்கிருந்து ஆடிப்பெருக்கு மூன்றரை மாதத்துக்குச் சற்றுக் கூட. அதிலிருந்து தீபாவளி ஏறக்குறைய மூன்று மாதம். பண்டிகைக்கு மறுநாள் வீடு அமைதியாக இருக்கும்போது நோட்டை எடுத்து, இதே அளவில் தொடர்வதா, குறுகிய ரகத்துக்கு இறங்குவதா, அடித்துவிட்டு வேறு எழுதுவதா என்று முடிவு செய்யுங்கள். மூன்றில் ஒன்றை எழுதியே தீர வேண்டும். "பார்க்கலாம்" என்பது விடையாகாது.

தீபாவளிப் பரிசீலனையில் கூடுதலாக ஒரு கணக்கு உண்டு. அதுவரையிலான வாரக் குறிப்புகளைக் கூட்டி, நடந்த மணியை நினைத்த மணியால் வகுங்கள். 216 நினைத்து 130 நடந்திருந்தால் அது 0.6. எல்லோருக்கும் பொதுவாக நான்கில் ஒரு பங்கைக் கழிக்கச் சொன்னேன். உங்கள் வீட்டுக்குக் கழிக்க வேண்டியது ஐந்தில் இரண்டு பங்கு என்று இந்த எண் சொல்கிறது. வரும் ஜனவரியில் எழுதப்போகும் இலக்குக்கு வாரத்தில் ஒன்பது மணி கிடைக்கும் என்று தோன்றினால், ஐந்தரை மணிக்குத் திட்டமிடுங்கள்.